ராமேஸ்வரம் தீவுக்குக் குடிவருகிறீர்களா? முதலில் பாலத்தைப் பழகிக்கொள்ளுங்கள்

பள்ளிக்கு ஆசிரியராக, வங்கிக்கு ஊழியராக, அரசு மருத்துவமனைக்குச் செவிலியராக என்று வருடா வருடம் புதிய முகங்கள் எங்கள் தீவுக்கு வருகின்றன. மாறுதல் உத்தரவு கிடைத்ததும் வாடகை வீடு, குடிதண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வரிசையாக விசாரிப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பாலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வந்த மூன்றாம் மாதம் ஏதோ ஓர் அமாவாசை நாளில் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மண்டபம் ஊரில் இரண்டு மணி நேரம் பேருந்தில் சிக்கிக்கொண்ட பிறகுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது இந்தத் தீவில்தான். வேலைக்காகப் பல வருடங்கள் தினமும் ராமநாதபுரம் போய் வந்திருக்கிறேன்.

முதலில் நிலவரம். மண்டபத்திலிருந்து தீவுக்குள் வர ஒரே ஒரு சாலைப் பாலம், ஒரே ஒரு ரயில் பாலம். சாலைப் பாலத்தின் பெயர் அன்னை இந்திரா காந்தி பாலம். 1974-ல் அடிக்கல் நாட்டி 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறந்தார்கள். நீளம் 2.345 கி.மீ. போக ஒரு தடம், வர ஒரு தடம். அதற்கு முன்பு 74 வருடம் இந்தத் தீவு ரயிலை மட்டும் நம்பி வாழ்ந்தது. 1914-ல் வந்த பழைய ரயில் பாலம்தான் மளிகைக்கும் மருந்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வழி. என் தாத்தா காலத்து ஆட்கள் நேரத்தைச் சொல்வதே ரயிலை வைத்துத்தான்.

பாலத்தைத் தாண்டி இறங்கினால் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், பேக்கரும்பு, ராமேஸ்வரம் என்று ஊர்கள் அதே சாலையில் அடுத்தடுத்து வரும். (அக்காளும் தங்கையும் யாத்திரை வருகிறவர்களுக்காகக் கட்டிய மடங்கள் என்று அந்த இரண்டு பெயருக்கும் ஊரில் கதை சொல்வார்கள்.) சந்துகளும் கடற்கரைப் பாதைகளும் உண்டு. ஆனால் பாம்பனில் அடைத்தால் சுற்றிப் போய்ச் சேர வேறு பெரிய சாலை கிடையாது. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் புரியும்.

முதல் வாரம்: நேரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கி.மீ. பேருந்தில் சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கைபேசி வரைபடம் இதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டாம். வந்த முதல் வாரத்திலேயே வேலை இல்லாத ஒரு நாள் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஞாயிறு மதியம் ஒருமுறை போய் வாருங்கள். எங்கே வண்டிகள் தேங்குகின்றன என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நான் பார்த்தவரை தேங்குகிற இடங்கள் நான்கைந்துதான். பாலத்தின் நடுப்பகுதி, படம் எடுக்க நிறுத்துகிறவர்களால். பாம்பன் இறக்கம், அங்குள்ள கடைகளால். தங்கச்சிமடம் கடைத்தெரு, மாலை நேரத்தில். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், சுற்றுலா வேன்கள் சாலை ஓரத்திலேயே நிற்பதால். 2017-ல் அந்த நினைவிடம் திறந்த பிறகு, முன்பு கண்மூடிக் கடக்கிற இடமாக இருந்த பேக்கரும்பு விடுமுறை நாட்களில் ஊர்ந்து போகும் இடமாகிவிட்டது. கலாம் ஐயாவைப் பார்க்கப் பிள்ளைகள் வருவதில் எங்களுக்குப் பெருமைதான். வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தினால் போதும். கடைசியாக ராமேஸ்வரத்துக்குள் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள். ஆட்டோ, தள்ளுவண்டி, ஈரத் துணியோடு தீர்த்தமாடப் போகிற கூட்டம், மாடு எல்லாம் அந்த நான்கு தெருவுக்குள்தான். உங்களுக்கு அங்கே வேலை இல்லையென்றால் வண்டியோடு போகாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனால் சீக்கிரம் போய்விடலாம்.

வீடு எங்கே பார்ப்பது

வேலை ராமேஸ்வரத்துக்குள் என்றால் ராமேஸ்வரத்திலேயே பாருங்கள். கோயிலை ஒட்டி வேண்டாம். பேருந்து நிலையம் கோயிலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் நல்லது. வேலை மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ ராமநாதபுரத்திலோ என்றால், தீவில் குடியிருக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். கடல் காற்று ஆசையில் வந்து ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்தவர்களை எனக்குத் தெரியும். தீவில்தான் இருக்க வேண்டும் என்றால் பாம்பனோ தங்கச்சிமடமோ தோதாக இருக்கும். ராமேஸ்வரத்தின் கூட்டம் உங்களைத் தொடாது, பாலமும் பக்கம்.

மூன்று நாட்காட்டி வேண்டும்

தினசரிக் காலண்டர் எல்லோர் வீட்டிலும் தொங்கும். தீவில் அதிலேயே மூன்று கணக்கைக் குறித்துவைக்க வேண்டும்: நிலா, காற்று, கடல்.

நிலாக் கணக்கு என்றால் அமாவாசை. மாதாமாதம் அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடவும் தர்ப்பணம் கொடுக்கவும் ஆட்கள் வருவார்கள். அதைச் சமாளித்துவிடலாம். ஆடி அமாவாசை, புரட்டாசியில் வருகிற மகாளய அமாவாசை, தை அமாவாசை, இந்த மூன்றும் வேறு. லட்சக்கணக்கில் வருவார்கள். கூட்டம் அன்று காலையில் தொடங்காது. முந்தின நாள் மாலையே பாலத்தில் வேன்கள் வரிசைகட்டிவிடும். இரவு முழுக்க வரும். அன்று மதியத்துக்கு மேல் அதே வண்டிகள் ஒரே நேரத்தில் திரும்பும். ஆகவே கணக்கு இப்படி: முந்தின நாள் மாலை உள்ளே வருவது கடினம், அன்று மதியத்திலிருந்து இரவு வரை வெளியே போவது கடினம். இந்த நாட்களில் வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிப் போலீஸ் திருப்பிவிடுவார்கள். உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டையை வண்டியில் வைத்திருங்கள். தடுப்பில் நிற்கும் காவலரிடம் பொறுமையாகக் காட்டிப் பேசினால் பெரும்பாலும் விடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஆதாரில் பழைய ஊர்தான் இருக்கும். வீட்டு ஒப்பந்தத்தின் நகலோ அலுவலக அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும்.

அமாவாசையோடு நிற்காது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப சாமிகள் வரத் தொடங்குவார்கள். சபரிமலை போய்விட்டு வழியில் ராமேஸ்வரமும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். பொங்கல் வரை இது இருக்கும். அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை, மாசியில் சிவராத்திரி, ஆடியில் திருக்கல்யாணம். ஜூலை 27 கலாம் நினைவு நாள். இதெல்லாம் முன்கூட்டியே தெரிகிற தேதிகள். திடீரென்று வருவது பெரிய தலைவர்களின் வருகை மட்டும்தான். அது செய்தியில் இரண்டு மூன்று நாள் முன்பே வந்துவிடும். அந்த நாளில் சாலையை எப்போது மறிப்பார்கள், எப்போது திறப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பாலம் தாண்டும் வேலையை அடுத்த நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது காற்று. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று, மழை, புயல் சின்னம். ஆடியை ஒட்டிய மாதங்களில் எதிர்ப்பக்கத்திலிருந்து பலமான காற்று. பாலத்தின் நடுப்பகுதி கப்பல் போகிற உயரத்துக்கு மேலே தூக்கியிருக்கிறது அல்லவா, தரையில் சாதாரணமாகத் தெரிகிற காற்று அங்கே இருசக்கர வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். சேலை, துப்பட்டா, மழைக்கோட்டு எல்லாவற்றையும் நன்றாகச் செருகிக்கொண்டு ஏறுங்கள். காற்று அதிகமாக இருக்கும் நாளில் பின்னால் பிள்ளையை உட்காரவைத்து ஸ்கூட்டரில் பாலம் ஏறாதீர்கள், பேருந்தில் போங்கள். இதைப் பல தடவை சொல்லியும் கேட்காதவர்கள் உண்டு. நான் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.

மூன்றாவது கடல் கணக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை தொடங்குகிற, முடிகிற நாட்களை ஒட்டி ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போகிற ஆழ்கடல் படகுகள் பாம்பன் கால்வாய் வழியாகக் கூட்டமாகக் கடக்கும். அதற்காக ரயில் தூக்குப் பாலத்தைத் திறப்பார்கள். சாலைப் பாலத்தைத் திறக்கவோ மூடவோ தேவை கிடையாது, அதன் அடியிலேயே படகுகள் போய்விடும். அப்படியானால் சாலையில் ஏன் நெரிசல்? வேடிக்கைதான் காரணம். தூக்குப் பாலம் மேலே போகிறது என்றதும் சாலைப் பாலத்தில் கார், வேன், பேருந்து எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுநரே இறங்கிப் படம் எடுப்பார். ஐந்து நிமிட வேடிக்கை அரை மணி நேர வரிசையாகும்.

தடைக்காலத்தில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மீன் லாரிகள் குறைந்துவிடுவதால் சாலை கொஞ்சம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே சமயம் கோடை விடுமுறையும் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். தடை முடிந்து படகுகள் கரை திரும்பும் முதல் நாட்களில் ஐஸ் லாரி, மீன் லாரி ஓட்டம் மிக அதிகம். அந்த வாரம் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் துறைமுகப் பக்கம் போவதாக இருந்தால் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரரிடம் கோபப்பட வேண்டாம். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்த ஊருக்கு அந்த லாரிதான் சோறு.

பாலத்தின் மேல் ஓட்டும்போது

நிறுத்தாதீர்கள். முதல் விதியும் கடைசி விதியும் இதுதான். பாலத்தில் வண்டி நிறுத்தினால் அபராதம் உண்டு, ஆனால் நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டே தடம். ஒரு கார் நின்றால் பின்னால் வருவது எதிர்த் தடத்தில் ஏறித்தான் தாண்ட வேண்டும். எதிரே பேருந்து வந்தால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். கடல் அழகாகத்தான் இருக்கிறது. நாற்பது வருடமாகப் பார்க்கிற எனக்கே ஒவ்வொரு தடவையும் தலை திரும்புகிறது. பார்க்க வேண்டுமென்றால் பாம்பன் பக்கம் இறங்கி, வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, பாலத்தின் நடைபாதையில் நடந்து போங்கள்.

பாலத்தில் முந்தாதீர்கள். நடுவில் மேடாக இருப்பதால் எதிரே வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் மிகவும் வழுக்கும். தார் மேல் படிந்த எண்ணெயும் உப்பும் நனைந்து சறுக்கும். இரும்பு இணைப்புகள் வரும் இடங்களில் பிரேக்கை அழுத்தாமல் வேகத்தை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். வண்டி பழுதாகி நின்றுவிட்டால் விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் நடைபாதைக்கு ஏறிவிடுங்கள். தள்ளிக்கொண்டு போக முடியுமென்றால் இறக்கத்தின் பக்கம் தள்ளுங்கள். பின்னால் வருகிறவர்களே இறங்கிக் கை கொடுப்பார்கள்.

பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் ஒரு தடத்தை மட்டும் திறந்து மாற்றி மாற்றி விடுவார்கள். அப்போது வரிசையை உடைத்து முன்னால் போகிற ஒரே ஒரு கார் போதும், இரண்டு பக்கமும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றுவிடும். உங்களுக்கு முன்னால் யாராவது அப்படிப் போனாலும் நீங்கள் பின்தொடராதீர்கள்.

ரயிலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சாலை அடைத்தால் ரயில், ரயில் நின்றால் சாலை. இரண்டையும் பழகியவருக்குத்தான் தீவு வாழ்க்கை. அமாவாசை நாளில் ராமநாதபுரமோ மதுரையோ போக வேண்டுமென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு காலை பாசஞ்சரில் ஏறிவிடுவேன். கூட்டம் இருக்கும், நிற்கத்தான் வேண்டிவரும், ஆனால் பாலத்தில் வரிசை கிடையாது. நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை நிலையத்தில் கேட்டுக் குறித்துவையுங்கள்.

ரயில் பாலத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஊரில் யாரோடு பேசினாலும் அது வரும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, ஒரு ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் பெரும்பகுதி பெயர்ந்துவிட்டது. அதை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் மீட்டார்கள். டெல்லி மெட்ரோவால் பிற்பாடு நாடே அறிந்தவர் அவர். எங்கள் ஊரில் வயதானவர்கள் அந்த 46 நாளை இன்றும் சொல்வார்கள். அப்போது சாலைப் பாலம் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு எங்கள் தலைமுறைக்கும் ஒரு காலம் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலம் பாதுகாப்பில்லை என்று ரயிலை நிறுத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரம் நிலையத்துக்கு ரயிலே வரவில்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இருட்டோடு இறங்கி, பெட்டி படுக்கையோடு பேருந்து பிடிக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றியிருந்த ஆட்டோக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதுவரை ரயிலில் போனவர்கள் எல்லோரும் சாலைப் பாலத்துக்கு மாறியதால் அங்கேயும் நெரிசல். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் அப்படியே நேராக மேலே எழும்புகிறது. பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் கையால் சுற்றித் திறந்ததை இப்போது மோட்டார் செய்கிறது. முதல் ரயில் கடந்தபோது பாம்பன் கரையில் நின்று கையசைத்தவர்களில் நானும் ஒருவன்.

புதிய பாலம் என்றாலும் காற்றுக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். பழைய பாலத்தில் மணிக்கு 58 கி.மீ.க்கு மேல் காற்று வீசினால் சிக்னல் சிவப்பாகி ரயில் மண்டபத்திலோ பாம்பனிலோ நின்றுவிடும். இப்போதும் புயல் நேரத்தில் ரயிலை நிறுத்துவார்கள், அல்லது ராமநாதபுரத்தோடு முடித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் சென்னை ரயிலில் வருவதாக இருந்தால் கிளம்பும் முன் ரயிலின் நிலையைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ராமநாதபுரத்தில் இறங்க நேர்ந்தால் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று முன்பே தெரிந்துவைத்திருங்கள். நேர்முகத் தேர்வு, விமானம், நீதிமன்றத் தேதி போன்றவற்றுக்கு முந்தின நாளே பாலத்தைத் தாண்டிவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கல்யாண வீட்டுக்காரர்கள் கூட மாப்பிள்ளையை முந்தின நாளே அங்கிட்டுக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

கூண்டு ஏற்றினால் என்ன செய்வது

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வரும். ஒன்றாம் எண்ணுக்கே வெளியூரில் இருக்கும் உங்கள் அம்மா பயந்து போன் செய்வார். சொல்லிவையுங்கள்: 1, 2 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. 3, 4 என்றால் உள்ளூரிலேயே காற்று, கடல் கொந்தளிப்பு. 5-க்கு மேல் போனால் ஆபத்து, 8, 9, 10 பெரிய ஆபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் எண் ஏறியதும் நான் செய்வது: வண்டியில் பெட்ரோல் நிரப்புவேன், வீட்டில் தீரப்போகிற மாத்திரையை வாங்குவேன், கையில் கொஞ்சம் ரொக்கம் எடுப்பேன், கைபேசிகளைச் சார்ஜ் ஏற்றுவேன். மின்சாரம் போனால் ஏடிஎம் வேலை செய்யாது, பணம் அனுப்பும் செயலியும் வேலை செய்யாது. காய்கறியும் பாலும் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பாலம் ஒரு நாள் நின்றால் தக்காளி விலையில் தெரிந்துவிடும். மீன் மட்டும் கருவாடாகவாவது வீட்டில் இருக்கும். அரிசி, பருப்பு, குழந்தைக்குப் பால்மாவு, மண்ணெண்ணெய் விளக்கோ மெழுகுவத்தியோ, நான்கு நாளுக்குத் தேவையானது எப்போதும் இருக்கட்டும்.

ஐந்துக்கு மேல் ஏறினால் பாலம் தாண்டும் யோசனையை விடுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் அங்கேயே தங்குங்கள், இந்தப் பக்கம் இருந்தால் இங்கேயே. நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மோசம். மழை மட்டும் வந்தாலும் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று மேகவெடிப்பு மாதிரி கொட்டியதில் ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்துக்குள் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. பாலம் நன்றாகத்தான் இருந்தது, தீவின் தெருக்கள்தான் குளமாகின. தாழ்வான தெருவில் வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த நாளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

மறியல் நடந்தால்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போன மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தாலோ, படகுகளைப் பறித்தாலோ, தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ மக்கள் சாலையில் உட்காருவார்கள். ஒரே சாலை என்பதால் தீவே நின்றுவிடும். புதிதாக வந்தவர்கள் பேருந்துக்குள்ளிருந்து எரிச்சலாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பேசாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் வீட்டுக்காரர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் குரல் வெளியே கேட்க இந்தச் சாலையை விட்டால் வேறு இடமும் இல்லை.

அதிகாரிகள் வந்து பேசி முடிய எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரியாது. வேலைநிறுத்தம் அறிவித்த நாளில் உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிக்கிக்கொண்டால் இறங்கி நடந்து, மறியல் நடக்கிற இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்கிற பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறிக்கொள்ளலாம். நடந்து போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. நோயாளி, கர்ப்பிணி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்றால் சொல்லுங்கள், அவர்களே எழுந்து வழி விட்டு, முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். என் தம்பி அப்படித்தான் ஒரு பரீட்சையைத் தவறவிடாமல் எழுதினான்.

உடம்புக்கு முடியாமல் போனால்

ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் என்றால் மதுரை. இரண்டுக்கும் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

ஒரு தை அமாவாசையன்று என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. 108 வந்துவிட்டது, பாலம் வரை வந்தும்விட்டோம். பாலத்தின் நடுவில் ஒரு வேன் நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் இரண்டு தடமும் அடைத்திருந்தன. சைரன் கத்திக்கொண்டே இருக்க, வண்டி அங்குலம் நகரவில்லை. பக்கத்து மீன் லாரியிலிருந்து நான்கு பேர் குதித்து ஓடினார்கள். ஒவ்வொரு காராகக் கதவைத் தட்டி, ஒருபக்கமாக ஒதுக்கி, கை காட்டிக்கொண்டே முன்னால் ஓடினார்கள். அப்பா பிழைத்தார். அந்த நான்கு பேரின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பாலத்தில் நிறுத்தாதீர்கள் என்று நான் இவ்வளவு சொல்வது அன்றைக்குப் பட்டதனால்தான்.

ஆகவே வீட்டில் இதய நோயாளியோ டயாலிசிஸ் செய்கிறவரோ இருந்தால், பெரிய அமாவாசைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் முந்தின நாளே ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டிலோ அறையிலோ தங்க வையுங்கள். பிரசவத் தேதி இந்த நாட்களை ஒட்டி வந்தால் ஒரு வாரம் முன்பே அங்கிட்டுப் போய்விடுவது நல்லது. மருத்துவரிடம் இதைச் சொன்னால் தீவில் இருந்து வருகிறவர் என்று புரிந்துகொள்வார். 108-ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு பாலத்தில் இப்போது என்ன நிலைமை என்பதையும் தெரிந்தால் சொல்லுங்கள்.

பாலத்தில் இருக்கும்போது பின்னால் சைரன் கேட்டால் பதறி நின்றுவிடாதீர்கள். நின்றால் அடைத்துக்கொள்ளும். நடைபாதையை ஒட்டி எவ்வளவு இடதுபக்கம் போக முடியுமோ அவ்வளவு போய், மெதுவாக நகர்ந்துகொண்டே இருங்கள். எதிர்த் தடத்தில் வருகிறவர்களும் அவர்கள் பக்கம் ஒதுங்கினால் நடுவில் ஒரு வண்டி போகிற வழி கிடைக்கும்.

தனுஷ்கோடிச் சாலை

ராமேஸ்வரத்துக்குத் தெற்கே முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் கடல். மாலை ஆறு மணிக்கு மேல் விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். காற்றுக் காலத்தில் மணல் சாலையை மூடும், கடல் சீற்றமாக இருந்தால் முன்னாலேயே தடுத்துவிடுவார்கள். பண்டிகை நாளில் அரிச்சல்முனை வளைவில் வண்டி திருப்ப ஒரு மணி நேரம் கூட ஆகலாம். காலை ஏழு மணிக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.

விருந்தாளிகள் வந்தால்

நீங்கள் ராமேஸ்வரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தீர்த்தமாட ஆசை வரும். வரட்டும். ஆனால் தேதியை நீங்கள் சொல்லுங்கள். பெரிய அமாவாசைக்கு வருகிறவர்களை இரண்டு நாள் முன்பே வரவழைத்து, அமாவாசைக்கு மறுநாள் காலையில் அனுப்புங்கள். சும்மா கோயில் பார்க்க வருகிறவர்களுக்குச் செவ்வாய், புதன் நல்லது. முடிந்தவரை ரயிலில் வரச் சொல்லுங்கள். கார் ஒன்று குறைந்தால் பாலத்துக்கு அதுவே பெரிய உபகாரம்.

தூக்குப் பாலம் திறப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். கப்பல் கடக்கும் நாள் உள்ளூர்ச் செய்தியில் வரும், பாம்பனில் மீன்பிடிக்கிற யாரைக் கேட்டாலும் நேரம் சொல்வார்கள். அரை மணி நேரம் முன்பே பாலத்தைத் தாண்டி இறங்கிவிடுங்கள். வண்டியைச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு, கரைப் பக்கமாக நடந்து போய் நில்லுங்கள். நடுக்கண் மெல்ல மேலே போகும், அடியில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், மேல்தட்டில் நிற்கிறவர்கள் கையசைப்பார்கள். பிள்ளைகளையும் கையசைக்கச் சொல்லுங்கள்.